அக்கா பேருல வேலை

— ஒருக்களிச்சுப் படுக்காத நதியா... கை அமுங்கப் போகுது.

— அமுங்க என்னக்கா இருக்கு அங்கன? மூணு வெரல ஏலக்கா எஸ்டேட்டு மெஷின்லயே விட்டுட்டு வந்தாச்சு.

— வாயக் கழுவு. இந்தா, இட்லி கொண்டாந்தேன். கடையில முத ஈடு.

— எடக்கையில திங்க வரலக்கா.

— நான் ஊட்டுறேன். ஆ காட்டு... உன் வீட்டுக்காரர் எங்க, காணோம்?

— திராட்சை வெட்டப் போயிட்டாக. இன்னைக்கு நின்னா நாளைக்குக் கூப்பிட மாட்டாகளாம்.

— பொண்டாட்டி ஆசுபத்திரியில கெடக்கையிலயா?

— மருந்து மாத்திர வாங்கணும்ல.

— அதுஞ் சரிதான்... ஏ புள்ள, டாக்டர் ஏதும் கேட்டாரா?

— என்ன கேக்க?

— இல்ல... எங்கன அடிபட்டுச்சு, எப்படின்னு...

— ஓ... இதுக்குத்தான் மொத பஸ்ஸப் புடிச்சு வந்தீகளா?

— அட போடி! உன்னப் பாக்கத்தான் வந்தேன். நேத்து சேதி கேட்டதுலருந்து கண்ண மூடல. இருந்தாலும் கேக்கணும்ல... எஸ்டேட்டுல பெர்மனெண்டு நான். முட்டி தேஞ்சு குமுளி மலை ஏற முடியாமத்தான எம் பேருல உன்ன அனுப்புனேன். கங்காணிக்கு மட்டுந்தான் தெரியும். ஆபீசுக்குத் தெரிஞ்சா...

— தெனக்கூலி எனக்கு. பி.எஃப்., போனசு உங்களுக்கு. நாலு வருசமா நடக்குறதுதான.

— ஏமாத்துனேனா உன்ன? பேர் இல்லாதவளுக்கு வாரத்துல ரெண்டு நா வேலை கெடைக்குறதே பெருசு. ஜீப்புல தொங்கிக்கிட்டு போயி, ஆள் போதும்னு திரும்பி வராளுக. உனக்கு ஒரு நா தட்டுச்சா?

— நான் இல்லேங்கலையே.

— பஸ் ஸ்டாண்டுல இட்லிக் கடை போட லோன் குடுத்ததே, எஸ்டேட்டு வேலையப் பாத்துத்தான் ஆத்தா. அந்த வேலை போச்சுன்னா கடையும் போச்சு... வீட்டுலதான் அடிபட்டுச்சுன்னு சொல்லிரு. கிரைண்டர்ல கை மாட்டிக்கிச்சுன்னு...

— எங்க வீட்டுல கிரைண்டர் இல்லக்கா.

— என் கடையில மாவாட்டுனன்னு சொல்லு. வேணாங்கல.

— சாயங்காலம் யாவாரி வீட்டு ஏலக்காயத் தரம் பிரிச்சுக் குடுப்பேன். அதுல கொழம்புச் செலவு ஓடும். இனி எத வச்சுப் பிரிக்க? மெஷின்ல போன வெரலுக்கு எஸ்டேட்டுல நஷ்டஈடு உண்டுன்னு நர்சம்மா சொல்றாக...

— யாருக்குக் குடுப்பாக? நதியான்னு ஒருத்தி அந்த எஸ்டேட்டுலயே இல்லையே!

— அப்ப என் வெரலுக்கு ஒண்ணுமே இல்லையாக்கா?

— அழுகாத. அழுகாத ஆத்தா... நான் பாவி, வாய் தவறிச் சொல்லிட்டேன்.

— வாய் தவறல. நெசந்தான.

— உன்ன விட்டுருவேனா? கை ஆறட்டும். உன் எடம் உனக்குத்தான்.

— இன்னைக்குக் காலையில உங்க பேரக் கூப்பிட்டப்ப யாரு நின்னா?

— அது... இன்னொரு இட்லி?

— யாருக்கா நின்னா?

— ...மாரீஸ்வரி.

— எந்த மாரீஸ்வரி? எங்க தெருவா?

— கங்காணி போன் போட்டான். ஆள் அனுப்பலேன்னா ஆபீசுல கேப்பாகன்னு... நான் என்ன செய்ய?

— கட்டுல ரத்தமே நிக்கலக்கா. அதுக்குள்ள என் எடத்துக்கு ஆள ஏத்தி விட்டுட்டு, எனக்கு இட்லி ஊட்டுறீக.

— வய்யி, நல்லா வய்யி. ஆனா உன் காலப் புடிச்சுக் கேக்குறேன். எம் பேரு மட்டும் வெளிய வந்துரக் கூடாது.

— வந்துருச்சுக்கா... நீங்க வந்ததுலருந்து சொல்லணும்னுதான் பாக்குறேன். நேத்து ஜீப்புக்காரன் எந்த எஸ்டேட்டுன்னு நர்சம்மாகிட்ட சொல்லி என்ன எறக்கிவிட்டுப் போயிட்டான். அரை மயக்கத்துல கெடந்தேன். பேரு என்னம்மான்னு கேட்டாக... தெனமும் அங்க சொல்ற உங்க பேரு, அதான் வந்துச்சு. முத்துலட்சுமி, புருசன் வீரணன்னுட்டேன். இங்கனருந்து ஆபீசுக்குப் போன் போட்டுட்டாக. மேனேஜர் கெளம்பிட்டாராம்... முத்துலட்சுமியப் பாக்க.