பக்கத்து அறைக் குரல்

எங்கள் வீட்டில் என் அறைக்கும் தங்கையின் அறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்புதான். அவள் தும்மினால் எனக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று அப்பா கிண்டல் செய்வார்.

அந்த ஒலிப்பதிவை மறுபடியும் போட வேண்டாம், மேடம். நேர்காணலில் என் தங்கையோடு சேர்ந்து கேட்கும் இரண்டாவது குரல் என்னுடையதுதான். மனிதவளத் துறையில் இருப்பவர் நீங்கள். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வீர்கள்.

கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கே அவளை உட்காரவைத்துப் பேசினேன். கோடிங்கில் போனால் இன்று படித்தது நாளைக்குப் பழசு. நெட்வொர்க்கில் போனால் ஊர் தூங்கும்போது விழித்திருக்க வேண்டும். டெஸ்டிங்தான் நிம்மதி, அதற்கு நானே சாட்சி. பல வருடமாக அதே டீம், அதே நாற்காலி, ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கோடிங்தான் என்றாள்.

சாப்பிடும்போது அப்பாவிடம் விளக்கினாள். "அண்ணன் மத்தவங்க எழுதின புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கிறான்ப்பா. நான் அந்த புரோகிராமை எழுதப் போறேன்."

"அப்போ நீ தப்பு பண்ணாத்தான் இவனுக்குச் சம்பளம்னு சொல்லு," என்றார் அப்பா.

அம்மாவுக்குப் புரையேறியது. தங்கை எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பா இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை சிரித்தார். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

ஆன்லைன் நேர்காணலுக்கு நான்தான் அவளைத் தயார் செய்தேன். எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் வந்தது. எங்கேயாவது சறுக்குவாளா என்று பார்த்தேன். தொழில் பழக்கம். சறுக்கவில்லை. தப்பே இல்லாத புரோகிராம் கிடையாது என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. தப்புக் கிடைக்கவில்லை என்றால் சோதனை போதவில்லை என்று அர்த்தம். சோதனையைக் கொஞ்சம் கடுமையாக்கினேன், அவ்வளவுதான்.

இயர்போன் போட்டால் யாரோ சொல்லிக் கொடுப்பதாகச் சந்தேகப்படுவார்கள், ஸ்பீக்கரில் பேசு என்றேன். வெளிச்சம் முகத்தில் விழும்படி லேப்டாப்பைத் தடுப்பை ஒட்டி வை என்றேன். இரண்டுமே நல்ல யோசனைகள். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பிறகு என் அறையில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும், அவள் வாய் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால், பதிலைச் சொன்னேன். மைக்குக்கு எட்டுகிற அளவுக்கு. ஒரு பதில்கூடத் தவறாகச் சொல்லவில்லை. தவறாகச் சொல்லியிருந்தால்தானே கெடுத்தேன் என்று ஆகும்?

முதல் கம்பெனி மரியாதையாக மறுத்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஏதோ குரல் கேட்டதே என்று அவள் கேட்டபோது ஆபீஸ் மீட்டிங் என்றேன். தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பலகைத் தடுப்பு அல்லவா, அதுவும் கேட்டது. கோடிங்கின் மன அழுத்தம் அவளுக்கு ஒத்துவராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்றாவது நம் கம்பெனி. பாதியில் நிறுத்தி, "பக்கத்துல யாரும்மா பதில் சொல்றது?" என்று கேட்டார்கள்.

அந்த முறை அவளுக்கு வார்த்தைகள் தெளிவாகவே கேட்டிருக்கின்றன. என் குரல் தெரியாதா அவளுக்கு? "யாரும் இல்ல சார். டிவி," என்றாள்.

டிவியில் யாரும் டேட்டாபேஸ் பாடம் நடத்துவதில்லை. ஆள் வைத்து ஏமாற்றியது, கேட்டபோது பொய் சொன்னது என்று இரண்டையும் சேர்த்து அவளைக் கறுப்புப் பட்டியலில் போட்டீர்கள். அதை மற்ற கம்பெனிகளும் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து என் அறைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உன் பேர் வெளிய வராதுண்ணா. தெரிஞ்சா உன் வேலை போயிடும்னுதான் டிவின்னு சொன்னேன். நீ உதவி பண்ணத்தான் நினைச்சே, எனக்குத் தெரியும். கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம், அவ்ளோதான்."

உதவி. அந்த வார்த்தையை அவளேதான் சொன்னாள், மேடம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். உங்கள் நேர்காணல் குழுவில் ஒருவர் என் குரலை அடையாளம் சொல்லியிருக்காவிட்டால், விஷயம் அந்த அளவோடு முடிந்திருக்கும். அவளும் மெல்ல மனம் மாறியிருப்பாள்.

எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நேர்காணலையும் நான்தான் கெடுத்தேன், தெரிந்தே. அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுங்கள். கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

பதிலுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அவளைக் கூப்பிட்டு வேலை கொடுப்பதாக இருந்தால், டெஸ்டிங்கில் கொடுங்கள். என் டீமிலேயே போடுங்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் பாவம், தடுமாறிப் போய்விடுவாள்.