பளபளன்னு ஒரு பின்சக்கரம்

— மாமா, நான் கோபப்படல. நிஜமாவே கோபப்படல. என் சைக்கிள் பின்சக்கரத்து ரிம்ல யாரு கை வெச்சது? அதை மட்டும் சொல்லுங்க.

— இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பீடிகை? நான்தான். எப்படி இருக்கு? குனிஞ்சு பாரு, உன் மூஞ்சி தெரியும்.

— தெரியுது மாமா. அழுற மூஞ்சியா தெரியுது.

— என்னம்மா இது, என் மருமக போட்டிக்குப் போற நாளும் அதுவுமா! சொல்றேன் கேளு. முப்பத்தஞ்சு வருஷம் பாத்திரக் கம்பெனியில பாலிஷ் போட்டவன் நான். என் ஷெட்டுல, என் கண்ணு முன்னாடி, ஒரு ரிம்மு பூனை பிராண்டின மாதிரி கிடந்தா கை சும்மா இருக்குமா? எந்தப் படுபாவி இப்படிக் கீறி வெச்சானோன்னு...

— அந்தப் படுபாவி நான்தான்.

— நீயா?

— நானேதான். வேணும்னே கீறினது. கை கிரைண்டரை எடுத்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, அரை நாள் உட்கார்ந்து கீறினேன். ரிம் சொரசொரன்னு இருந்தாதான் பிரேக் கட்டை கடிச்சுப் பிடிக்கும்.

— அடக் கடவுளே. அதை நான் நாலு நாளைக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, துணிச்சக்கரம் ஓட்டி, மெழுகும் பூசிட்டேனே!

— மெழுகு வேறயா!

— கொஞ்சூண்டுதான். நீயும்தான் நாலு நாளா வண்டிப் பக்கமே வரலையே.

— போட்டிக்கு முன்னாடி மணிக்கட்டுக்கு ஓய்வு குடுக்கணும் மாமா. அதான் தொடல. இன்னிக்கு எடுத்துப் பார்த்தா வெள்ளித் தட்டு மாதிரி மின்னுது. இப்ப மணி ஏழரை. உங்க பையன் மைதானத்துல நாங்க சைக்கிளோட தாவுற பலகையை அடுக்கப் போயிருக்காரு, எட்டரைக்கு வேனோட வந்துடுவாரு. பத்து மணிக்கு என் பேரைக் கூப்பிடுவாங்க.

— சரி, பதறாதே. சொல்றேன் கேளு. வழவழன்னு இருந்தா என்ன கெட்டுப் போச்சு? வழவழப்புலதான் ரப்பர் முழுசா ஒட்டும். ரெண்டு பாலிஷ் தட்டை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா பிரிக்க முடியாம நாங்க திண்டாடியிருக்கோம், தெரியுமா? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்.

— மேடை கோணலா நேரான்னு இப்பவே பார்த்துடலாம். அந்தத் தண்ணி மக்கைக் குடுங்க. ரிம் மேல தண்ணி ஊத்தறேன். நான் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கறேன், நீங்க சக்கரத்தைச் சுத்துங்க.

— இதோ... ம். சுத்துதே.

— ஒரு விரலால சுத்துறீங்க மாமா.

— ரெண்டு விரல்.

— நாலாவது கட்டத்துல தண்ணித் தொட்டி இருக்கு. அதுல இறங்கி நனைஞ்ச சக்கரத்தோட பலகை அடுக்கு மேல தாவணும். கால் தரையில படக்கூடாது. உட்கார சீட்டும் கிடையாது. அங்க என்னைத் தாங்கறது இந்தப் பின்பிரேக் ஒண்ணுதான். போன வருஷம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? அன்னிக்கும் வழவழ ரிம்முதான். கடைசி அடுக்கு. பின்சக்கரத்துல நிக்கிறேன், இன்னும் ஒரே தாவல்தான் பாக்கி. பிரேக்கை உயிரைக் குடுத்துப் பிடிச்சிருக்கேன், ரிம் என்னடான்னா நைஸா உருண்டு போகுது. மல்லாக்க விழுந்து இந்தக் கை ரெண்டா உடைஞ்சுது.

— ஞாபகம் இருக்கும்மா. உங்க அத்தை மூணு நாள் சரியா சாப்பிடல.

— இன்னொரு தடவை இந்தக் கை உடைஞ்சா சைக்கிளையே விட்டுடறேன்னு அத்தைக்கு வாக்கு குடுத்திருக்கேன் மாமா. எனக்கு இதை விட மனசில்ல. இது இல்லாம நான் என்ன பண்ணுவேன்னே தெரியல. அதனாலதான் இந்த வருஷம் கீறினேன்.

— தப்பு என் மேலதான். ஒத்துக்கறேன். ஆனா சொல்றேன் கேளு, உன் கீறலும் ஒண்ணும் பிரமாதமில்ல. ஒரு இடத்துல ஆழம், ஒரு இடத்துல மேலாக்க. அதான் பிரேக் பிடிச்சா வெடுக்கு வெடுக்குன்னு விட்டு விட்டுப் பிடிச்சுது.

— ஆமா, அது எனக்கும்... ஒரு நிமிஷம். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எது?

— வெடுக்கு வெடுக்குன்னு பிடிக்கறது. பார்த்தா தெரியாது மாமா. ஏறி ஓட்டினாதான் தெரியும்.

— அனுபவம்மா. முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்.

— பாத்திரத்துக்கு எங்க மாமா பிரேக்கு?

— நேரமாகுது பாரு. வேணும்னா கொஞ்சம் தார் தடவிக்கோ. கூரை ஒழுகறதுக்கு வாங்கின தார் அந்த டப்பாவுல இருக்கு. வழவழ ரிம்முக்கு லேசா ஒரு இழுப்பு இழுத்தா, காய்ஞ்சிருக்கறப்ப நல்லாவே பிடிக்குது. சத்தமும் வரல, துடைச்சா தடமும் தெரியல.

— பிடிக்குதா?

— பிடிக்குமாம். சொன்னாங்க.

— யாரு சொன்னா? உங்க பேன்ட் காலுல இருக்கே ஒரு கறுப்புத் தீற்றல், அதுவா?

— இது... வேற கறுப்பு.

— மாமா, அந்த முட்டியைக் காட்டுங்க. போன மாசம் குளியலறையில வழுக்கினேன்னு கட்டுப் போட்டிருந்தீங்களே, அந்த முட்டி. குளியலறையில விழுந்த முட்டியில பின்வாசல் படிச் செங்கல் தூள் எப்படி வந்துச்சுன்னு மருந்து வெச்ச அன்னிக்கே யோசிச்சேன். பிரேக் கட்டை ரெண்டு மடங்கு வேகமா தேயுது. டயர்ல காத்து நான் வெச்சதை விட எப்பவும் கூடவே இருக்கு. எவனோ கனமான ஆளு ஏறுறான்னு உங்க பையன்கிட்ட சொன்னேன். அவரு என்னைத்தான் மேலயும் கீழயும் பார்த்தாரு.

— மெதுவா பேசும்மா!

— முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கலாம்னு பார்த்தீங்களே மாமா! எத்தனை நாளா?

— ரிட்டையர் ஆன மறுவாரத்துலேர்ந்து. நீ பின்வாசல் படியில தவளை மாதிரி தாவுறதை தினம் சாயங்காலம் ஜன்னல் வழியா பார்ப்பேன். ஒரு நாள் விடியக்காலம் தூக்கம் வரல. சும்மா ஏறித்தான் நிப்போமேன்னு ஏறினேன். ரெண்டு நொடி நின்னேன்மா. ரெண்டே நொடி. முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்ததில்ல.

— இப்ப எவ்வளவு தாவுறீங்க?

— மூணு பலகை.

— மூணா! நான் மூணு பலகை தாவ ஒரு வருஷம் ஆச்சு!

— உனக்குப் பகல்ல வேலை இருக்கு, எனக்கு என்ன இருக்கு? முட்டியில அடிபட்ட அன்னிக்குத்தான், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, கத்தக்கூட முடியல.

— அப்போ கீறலைப் பார்த்து மனசு கேக்காமதான் பாலிஷ் போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க.

— பாதி உண்மை. மீதி உண்மை என்னன்னா, கீறின ரிம்மு கத்துதும்மா. பிரேக்கைத் தொட்டா போதும், கீச்சுன்னு தெருவையே எழுப்புது. உங்க அத்தை குறட்டை விட்டுத் தூங்குறவதான், ஆனா என்னிக்காவது முழிச்சுக்கிட்டா? உன் கை உடைஞ்சதுக்கே சாப்பிடாம கிடந்தவ. அறுபத்து மூணு வயசுல நான் பலகை மேல குதிக்கறேன்னு தெரிஞ்சா அவளுக்கு நெஞ்சே நின்னுடும். போட்டிக்குள்ள பழையபடி ஆக்கிடலாம்னுதான் நினைச்சேன். சத்தியமா தேதியை மறந்துட்டேன்.

— சரி, அழுறதா சிரிக்கறதான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கறேன். இப்ப கீறணும். நான் டயரைக் கழட்டறேன். நீங்க கை கிரைண்டரை எடுங்க.

— நானா?

— என் கீறல் பிரமாதமில்லன்னு சொன்னது யாரு?

— முப்பத்தஞ்சு வருஷம் கீறலை அழிச்ச கைம்மா இது. இதைப் போய் கீறல் போடச் சொல்றியே!

— போடுங்க மாமா. மெழுகை முதல்ல துடைச்சுடுங்க. கட்டை படுற இடத்துல மட்டும், சாய்ச்சு, நெருக்க நெருக்கமா. அழுத்தக்கூடாது. ரிம்மு மெலிசு, ஓட்டை விழுந்தா அதோட கதை முடிஞ்சுது.

— எனக்கேவா? தூங்குற குழந்தை கன்னத்துலேர்ந்து கொசுவை ஓட்டுற மாதிரி தொட்டுத் தொட்டு எடுப்பேன். நீ சக்கரத்தை மட்டும் ஒரே சீரா சுத்து. கண்ணாடியைப் போட்டுக்கோ.

— ...நான் கீறினப்பவும் பொறியே பறக்கல, ஏன் மாமா?

— இது அலுமினியம். பறக்காது. பேசாம சுத்து.

— மாமா, என்ன இது, கோலு வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு!

— இன்னொரு பக்கம் திருப்பு... ம். போதும். தூசியைத் துடை. டயரை மாட்டு. ஊத்து தண்ணியை.

— பிரேக்கைப் பிடிச்சிருக்கேன். சுத்துங்க பார்ப்போம்.

— ரெண்டு கையாலயும் சுத்தறேன், அசையமாட்டேங்குது!

— இப்ப சக்கரத்தை ஓட விட்டுட்டு லேசா தொடறேன்.

— வேணாம், வேணாம், கத்தும்... கத்திடுச்சு. போச்சு. வர்றா பாரு. நீ வாயே திறக்காதே, உனக்குக் கோடி புண்ணியம்.

— என்ன, மாமனாரும் மருமகளும் சக்கரத்துக்கு முன்னாடி மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

— ஒண்ணுமில்லையே! மருமக பிரேக் சரி பண்ணினா. நான் பக்கத்துல சும்மா நின்னேன்.

— கையில கிரைண்டரோட சும்மா நின்னீங்களாக்கும். ஏம்மா, இப்ப கீச்சுன்னு கேட்டுதே, அது இந்தச் சக்கரமா?

— ஆமா அத்தை. சத்தம் ஜாஸ்தியாதான் இருக்கு. தொந்தரவுன்னா போட்டி முடிஞ்சதும்...

— இன்னொரு தடவை பிடி, கேக்கறேன்... அதேதான். போட்டி முடிஞ்சாலும் இதை யாரும் அழிக்கக்கூடாது. முக்கியமா நீங்க.

— நானா? எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீ பாட்டுக்குக் குறட்டை விட்டுத் தூங்குறவ, உனக்கு இந்தச் சத்தத்தைப் பத்தி என்ன தெரியும்?

— குறட்டையா? நீங்க தைரியமா கதவைத் திறந்துக்கிட்டுப் போகட்டும்னு நான் விடுற குறட்டை அது. தினம் விடியக்காலம் அந்தக் கீச்சு கேட்டா, மனுஷன் விழாம நின்னுட்டாருன்னு நிம்மதியா திரும்பிப் படுத்துப்பேன். நாலு நாளா சத்தமே வராம, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நானில்ல நின்னுக்கிட்டிருக்கேன்!