மூன்றாம் நம்பர் வால்வு

இந்த அறையில் ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம். இருபத்தாறு வருடம் ஐஸ் பிளான்டில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், தேவைக்கு மேல் குளிர் வீண்தான்.

ஏன் அந்த வேலையை விடுகிறேன் என்று கேட்டீர்கள். விண்ணப்பத்தில் சொந்தக் காரணம் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் இறால் கம்பெனியிலும் அமோனியா பிளான்ட் இருப்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

பட்டினச்சேரிப் படகுகளுக்கு ஐஸ் போடுகிற இடம் அது. முதலாளி திருஞானசம்பந்தம் என் வேலையில் தலையிட்டதே இல்லை. போன வருடம் அவர் மகன் ஹரிஹரன் சென்னையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து மேனேஜராக உட்கார்ந்தான். சின்ன வயதில் அண்ணே, அண்ணே என்று என் பின்னாலேயே சுற்றியவன். வந்த மறுவாரம், லாரிக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போது ஒரு நீள நோட்டை என் கையில் கொடுத்தான்.

"பெருமாளு, ஒங்க மண்டையில இருக்கறத பூரா இதுல எறக்கிருங்க. மாசக் கடைசி வரைக்கும் வந்தா போதும். அப்புறம் நான் பாத்துக்குறேன்."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். இளையபெருமாள் என்ற முழுப்பெயரைச் சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. கரும்பைப் பிழிந்துவிட்டுச் சக்கையைக் கடாசுவது போலத்தான் இதுவும். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது, உங்களிடம் மறைப்பானேன்.

ஆனால் எழுதினேன். நாற்பத்திரண்டு பக்கம். கம்ப்ரசர் எந்தச் சத்தம் போட்டால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்பது வரை எழுதினேன். ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நம்பர்தான் அமோனியா டேங்கின் மெயின் வால்வு. எங்கே கசிந்தாலும் முதலில் அதைத்தான் மூட வேண்டும். கஜா புயல் ஓய்ந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய வாரம் அதன் ஸ்பிண்டில், சக்கரத்தோடு திருகுகிற மரைத்தண்டு, உடைந்தது. முகம்மது இப்ராஹிம் பாய் பட்டறையில் மட்டும் ஜெனரேட்டர் வைத்து லேத் ஓடியது. மூன்று நாள் தூங்காத மனிதர், மரையை மாற்றி வெட்டிவிட்டார். மற்ற வால்வெல்லாம் வலப்பக்கம் திருகினால் மூடும், இது இடப்பக்கம் திருகினால் மூடும். வேறு செய்து தருகிறேன் என்றார். படகுக்காரர்கள் வாசலில் நின்றார்கள், இருக்கட்டும் பாய் என்று நான்தான் மாட்டினேன். பிறகு சரியான ஸ்பிண்டில் ஒன்று வாங்கி வைத்தும் மாற்றவில்லை. அடையாளத்துக்குச் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்தேன். கூட வேலை பார்த்த செல்லையன் இறந்த பிறகு இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நோட்டை எழுதி அவனிடம் கொடுத்த அன்று அந்தத் துணியை அவிழ்த்துக் கை துடைத்துக்கொண்டேன். அந்த லாரிக்காரர்கள் முன்னால் அவன் ஒரு நாள் விழிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இருபத்தெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு, டேங்கில் அளவு பார்க்கிற கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டது. அது தானாக விட்டது, அதில் என் கை இல்லை. அமோனியா பீறிட, எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். ஹரிஹரன் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். தைரியசாலிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்றாம் நம்பரை வலப்பக்கம் திருகினான். பாதி திறந்திருந்த வால்வு முழுக்கத் திறந்து, அதற்கு மேல் போகாமல் இறுகியது. இறுகியதும் மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

"மூடியாச்சு. கொஞ்ச நேரத்துல வாடை போயிரும், யாரும் பயப்படாதீங்க" என்றான்.

ஐஸ் உடைக்கிற ராசாத்தி என் பக்கத்தில் நின்றாள். "அண்ணே, செல்போன உள்ளாறயே வச்சிட்டேன். எம் பொண்ணு பரீட்சை முடிச்சிட்டுக் கூப்புடும். போய் எடுத்துக்கவா?"

"மேனேஜர்தான் சொல்லிட்டாரே" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. மேனேஜர் சொல்லியிருந்தார்.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை. அதன் பிறகுதான் நான் முகமூடி மாட்டிக்கொண்டு போய், இடப்பக்கம் திருகி மூடினேன். அவளைத் தோளில் தூக்கி வந்ததும் நான்தான். உயிர் இல்லை. மறுநாள் பேப்பரில் என் படம் வந்தது, உங்கள் கையில் இருக்கிற ஃபைலில் கடைசித் தாள்.

பழுது பார்ப்பதாகச் சொல்லி அன்று மாலையே புது ஸ்பிண்டிலைப் போட்டேன். பழையது அரசலாற்றில் கிடக்கிறது. விசாரிக்க வந்த அதிகாரி வால்வைத் திருகிப் பார்த்துவிட்டு, மேனேஜர் பதற்றத்தில் மாற்றித் திருகியதாக எழுதிக்கொண்டு போனார். ஹரிஹரன் மேல் கேஸ் நடக்கிறது. முதலாளி என்னையே மேனேஜராக்கினார்.

பிறகு ஏன் விடுகிறேன் என்பீர்கள். அந்தப் பையன் தொல்லை தாங்கவில்லை. தினமும் வந்து ஒரே கேள்வி. "அண்ணே, நான் மூடத்தானே திருகுனேன்? கையில எறுகுனது நல்லா ஞாபகம் இருக்குண்ணே." இப்போது மறுபடி அண்ணே. "இல்ல தம்பி, பதட்டத்துல மாத்தித் திருகிட்டீங்க, நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்" என்பேன். வீட்டில் தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடப் பயப்படுகிறானாம். அவன் அம்மா அன்னபூரணி சொல்லி அழுதார்கள். ஒரே பதிலை எத்தனை நாள் சொல்வது? எனக்கு அலுத்துவிட்டது, கோபமாகவும் வருகிறது.

இன்று காலை இங்கே கிளம்பும்போதும் வாசலில் நின்றான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்கள அன்னைக்கி எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்கண்ணே" என்றான்.

மன்னித்துவிட்டேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.