மடிப்பில் பூத்த பச்சை

— கைய எடு சுகன்யா! அந்தப் பச்சைய தொடைக்காத. நாளைக்கி பஞ்சாயத்துல அதான் சாட்சி.

— என் கூறைப் பொடவ நைனா இது. இதைப் போயி கூண்டுல ஏத்தறியே.

— ஏத்தினது நானா? உன் மாமனாரு. கூறைப் பொடவயிலயே செம்பு ஜரிகை! அதுவும் யாரு பொண்ணுக்கு? ஆரணியில பட்டுக்கட சுப்பராயலு பொண்ணுக்கு!

— மழைக்காலம் நைனா. எந்த ஜரிகைதான் மங்காது?

— வெள்ளி மங்கும், கறுக்கும், ஒத்துக்கறேன். பச்ச பூக்காதும்மா. இந்த மழையில செவுரே வேர்த்துகினு கீது. காத்துல ஈரம் ஏறினா செம்பு மேல கண்ணுக்குத் தெரியாம தண்ணி படியும். மொதல்ல பளபளப்பு போவும். அப்புறம் கறுக்கும். மடிப்புல வேர்வ உப்பும் மாட்டிகினா இதோ, இந்தப் பச்ச. மேல பூசின முலாம் எத்தினி நாளைக்கி மறைக்கும்?

— பாடம் எடுக்கற மாதிரியே சொல்ற.

— சுப்பராயலு கண்ணு கண்ணா, லென்ஸா? இதையேதான் பட்டு யாவாரிங்க சங்கத்துலயும் சொன்னேன்.

— சங்கத்துலயா! அங்கயும் பேசிட்டியா?

— மைக் புடிச்சி பேசினேன். 'ஜரிகையில ஏமாத்தறவன் ஜாதகத்துலயும் ஏமாத்துவான்'னேன். இன்னா கைதட்டு தெரியுமா!

— அந்தக் கைதட்டு என் வூட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும். தலை தீபாவளிக்கு வந்த மனுசன், பச்சைய பாத்து நீ கத்தின கத்துல எல பாதியில எழுந்து போனாரு. அன்னிலேர்ந்து போன் எடுக்கல. இன்னிக்கி காலைல ஒரே ஒரு மெசேஜ். 'திருட்டுக் குடும்பம்னு உங்கப்பா சொன்ன வூட்டுக்கு நீ எதுக்கு வரணும்'னு.

— விக்னேஷ் மாப்பிள்ளைக்கி அவ்ளோ ரோசமா? நாளைக்கி பெரியவங்க முன்னாடி தலை குனியட்டும். அப்புறம் அனுப்பறேன் உன்ன.

— எனக்கு அவரு வேணும் நைனா, அவரு தலை குனிய வேணாம். 'தப்பா பேசிட்டேன்'னு ஒரு போன் போடேன்.

— நானா? பேஜார் பண்ணாத. மொதல்ல இந்தப் பொடவய வித்தவன் எவன்னு சொல்லு. அவன் கடையையும் சேத்து நாறடிக்கறேன்.

— நம்ம கடையில ஏன் நைனா நாள் முழுக்க ஏசி ஓடுது?

— கஸ்டமருக்கு.

— ஆளே இல்லாதப்பவும் ஓடுதே. மடிப்புக்கு மடிப்பு சிலிகா ஜெல் பொட்டலம் வேற. கல்யாணம் ஆவற வரைக்கும் நான்தான வெச்சிகினு இருந்தேன்.

— ஈரம் அண்டக்கூடாதுன்னு. யாவார சூட்சுமம் அது. அதுக்கும் இதுக்கும் இன்னா?

— இந்தப் பொடவைக்கும் நான்தான் வெச்சேன்.

— இன்னா உளர்ற?

— சம்பந்தின்னு தெரிஞ்சா நீ துட்டு வாங்கமாட்டியாம். மருமகளுக்கு ஓசியில கூறை எடுக்கக் கூடாதுன்னு, மாமா செய்யார்லேர்ந்து முகம் தெரியாத ஆள அனுப்பி நம்ம கடையிலயே முழு வெலைக்கி எடுத்தாரு. 'சுத்த வெள்ளி ஜரிகை'ன்னு கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணாத கொறையா நீயேதான் வித்த.

— என் பொடவ எனக்கே அடையாளம் தெரியாதா?

— எப்டித் தெரியும்? கடைய வுட்டுப் போனப்புறம் உன் பொடவ எப்டி ஆவுதுன்னு நீ என்னிக்கி பாத்த?

— தெரிஞ்சுகினேவா வாய மூடிகினு இருந்த?

— பச்சைய மொதல்ல பாத்தது அத்தை. 'சம்பந்திக்கி அவமானம், யார்கிட்டயும் சொல்லாத'ன்னு அவங்களேதான் மடிச்சி வெச்சாங்க. நீ கத்தினப்போ அவரும் அத சொல்லல. திருடன்னு பேர் வாங்கிகினு எழுந்து போனாரு.

— இது வேற யாருக்குத் தெரியும்?

— அவங்க வூட்டுக்கு. இப்ப உனக்கு. பேசு நைனா, மாமாவுக்குத்தான் போட்டிருக்கேன். ரிங் போவுது.

— கட் பண்ணு. கதவ சாத்து. ஜல்தியா புளித்தண்ணி கொண்டாந்து அந்தப் பச்சைய தொடைச்சிடு. நாளைக்கி பெரியவங்க கேட்டா, பொடவயில ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் அங்க வாழப் புடிக்கலன்னு சொல்லிடும்மா.