மூடி மேலே நெருப்பு

மருமகள்: அத்தை, தூக்காதீங்க... இடுப்பு பிடிச்சுக்கும்.

மாமியார்: எங்கே தூக்கறேன்? தட்டிப் பாக்கறேன். கேட்டியா, எப்படிக் கணீர்னு இருக்கு. விரிசலே இல்ல.

கடைக்காரர்: வார்ப்பிரும்புச் சட்டிம்மா. எட்டு கிலோ. மூணு கால் இருக்கு பாருங்க, கீழே நெருப்புக் கங்கைப் பரப்பிடலாம். மூடி மேலேயும் கங்கு போடலாம். காட்டுல உக்காந்துக்கிட்டே ரொட்டி சுடலாம்.

மாமியார்: மேலேயும் நெருப்பா... அடேயப்பா! ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரையில பத்துப் பேர் முன்னாடி இதைத் திறந்தா எப்படி இருக்கும்?

மருமகள்: நினைச்சாலே பசிக்குது அத்தை. அண்ணே, வேகும்போது நடுவுல திறந்து பாக்கலாமா?

கடைக்காரர்: பாக்கலாம், மூடியைத் தூக்கக் கொக்கி தர்றேன். ஆனா திறக்கிற ஒவ்வொரு தடவையும் சாம்பல் உள்ளே விழும், சூடும் போயிடும். புதுசா வாங்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு அதான். மூடினா மூடினதுதான்.

மருமகள்: அப்ப... இது வேணாம் அத்தை.

மாமியார்: ஏன்?

மருமகள்: அதோ, கண்ணாடி மூடி போட்டது... லேசா, அழகா...

கடைக்காரர்: அது வீட்டு அடுப்புக்கு. கங்கு வெச்சா பட்டுனு தெறிச்சிடும்.

மருமகள்: சரி, அந்தத் தட்டை மூடி?

கடைக்காரர்: விளிம்பு இல்லையேம்மா. கங்கு உருண்டு ஓடிடும்.

மாமியார்: நேத்து பூரா போன்ல படம் காட்டிக் குதிச்சவ இவதான். இப்ப மூஞ்சியைப் பாருங்க.

மருமகள்: இப்பவும் ஆசைதான். ஆனா... உங்க கைச் சாப்பாட்டுக்குன்னே எல்லாரும் வர்றாங்க. உங்க பொண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு வர்றாங்க. உப்பு உறைப்பு கூடக் குறைய ஆயிட்டா, திறந்து சரி பண்ண முடியாதே.

மாமியார்: நாப்பது வருஷமா சமைக்கிறேன். எனக்கா கூடக் குறைய ஆகும்?

மருமகள்: ஐயோ, அப்படிச் சொல்லல...

மாமியார்: பின்னே எப்படிச் சொன்னே?

மருமகள்: ...சும்மா சொன்னேன்.

மாமியார்: கடைக்காரரே, இதையே கட்டுங்க.

கடைக்காரர்: கொக்கி இனாம்மா. இருங்க, உள்ளே போய்ப் பெட்டி எடுத்துட்டு வர்றேன்.

மருமகள்: அத்தை, அவர் வர்றதுக்குள்ள கிளம்பிடலாம். வேற கடை பாக்கலாம்.

மாமியார்: வேற கடைச் சட்டியில மட்டும் சாம்பல் விழாதா?

மருமகள்: உங்க பேர் கெட்டுடக் கூடாது அத்தை. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்காதீங்க.

மாமியார்: நான் ஒண்ணும் கேக்கல. நான்தான் சொல்லணும். மூணு மாசம் முன்னாடி காய்ச்சலாக் கிடந்தேனே, அது விட்டதிலிருந்து எனக்கு நாக்கு செத்துப்போச்சும்மா. உப்பு தெரியல, உறைப்பு தெரியல. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் நீ மூடியைத் திறந்து சரி பண்றது மட்டும் நல்லாத் தெரியும். மூணு மாசமா உன் புருஷன் என்னைப் புகழறான், நீ பக்கத்துல நின்னு சிரிக்கிறே. சாமிகிட்ட தினமும் சொல்லிட்டேன்... உன்கிட்டச் சொல்லத்தான் வாய் வரல. இந்தச் சட்டியில யாருக்கும் தெரியாம சரி பண்ண வழியில்ல. ஞாயித்துக்கிழமை நீயே ருசி பாத்து மூடு. நெருப்பை நான் பாத்துக்கறேன். யாரு சமைச்சதுன்னு பத்துப் பேர் கேக்க நானே சொல்றேன்.