வெண்ணெய் ரூமுக்கு ஒருத்தி

“உனக்குப் பொறாமைக்கா. பச்சையாவே சொல்றேன், பொறாமை—”

“பொறாமையா? எனக்கா? இவ மேல எனக்கு—”

“இவ மேலதான். ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் அந்த எசென்ஸ் கம்பெனிக்கு அனுப்பி—”

“போர்வைய ஒழுங்காப் புடி. ஓரம் தரையில படுது.”

“பேச்ச மாத்தாத. அனுப்பி ஆளாக்கி விட்ட. சொந்தத் தங்கச்சி பொண்ணுன்னா மட்டும் உனக்குக் கை வலிக்குதா?”

துவைத்து உலர்ந்த போர்வையை இரண்டு பேராக மடிப்பது சுலபம். சண்டை போட்டுக்கொண்டு மடிப்பதுதான் கஷ்டம். முனையும் முனையும் சேர்க்க ஒவ்வொரு முறையும் முகத்துக்கு முகம் வரவேண்டியிருக்கிறது. தங்கை அப்படி வரும்போதெல்லாம் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த அறையின் மூலையில் அவள் மகள் அடுத்த நாள் போட்டுக்கொண்டு போகவேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் சண்டை அவளைப் பற்றியதுதான். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் சுபாவம் அப்படி.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளைக் கடைசி ஆறு மாதம் கம்பெனிகளுக்கு வேலைப் பயிற்சிக்கு அனுப்புவது என் பொறுப்பு. யாரை எங்கே அனுப்பலாம் என்று முடிவு செய்வது, போனவர்களை நேரில் போய்ப் பார்ப்பது, வந்தவர்களுக்கு மதிப்பெண் போடுவது. பிள்ளைகள் எனக்கு ‘தரகரம்மா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதுபட யாரும் சொன்னதில்லை. கழிப்பறைக் கதவில் எழுதி, பக்கத்தில் குடையோடு என்னை வரைந்தும் வைத்திருந்தார்கள். குடை நன்றாக வந்திருந்தது.

பெயரில் தப்பில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். எனக்கு ஒரு பொய்கூடத் தேவைப்பட்டதில்லை. சொல்லாமல் விட்டதை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். ஒரு பிள்ளைகூட மிச்சமில்லாமல் எல்லோரையும் இடம் சேர்த்ததற்காகக் கல்லூரியில் எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதை மேஜையில் என் பக்கம் பார்க்க வைத்திருக்கிறேன். எதிரே உட்காருகிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். அவ்வளவு அடக்கம் எனக்கு.

எசென்ஸ் கம்பெனிக்கு வருகிறேன். பிஸ்கட்டில் மாட்டையே பார்க்காத ஒரு வெண்ணெய் வாசனை வருமே, அது அவர்கள் கைவண்ணம். அந்தத் தெருவில் நடந்தால் இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவனுக்கும் பசிக்கும். வருடா வருடம் எங்கள் கல்லூரியிலிருந்து ஆறு பேரை எடுப்பார்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை. ஏசி போட்ட லேப், வெள்ளைக் கோட்டு, வீட்டு வாசலுக்கு வேன். பெற்றவர்கள் அந்த வேன் வந்து நிற்பதை அக்கம்பக்கத்தார் பார்த்தார்களா என்று பார்ப்பதற்காகவே வெளியே வருவார்கள்.

அங்கே மேனேஜர் ஒருவர் இருக்கிறார். நாளெல்லாம் மோந்து பார்ப்பதே தொழில் என்பதால் மனசுக்குள் அவரை மூக்கர் என்று வைத்திருக்கிறேன். முதல் வருடமே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்.

“அஞ்சு பேர லேப்ல வெச்சுக்கறேன் மேடம். ஆறாவது ஆள் மட்டும் வெண்ணெய் ரூமுக்கு வேணும். பொடி கலக்கற எடம். எங்க ஆளுங்க யாரும் உள்ள போக மாட்டேங்கறாங்க.”

“ஏன்?”

“சும்மா, மூச்சு அது இதுன்னு. யூனியன் இருக்குல்ல, சொல்லிக் குடுத்துடறாங்க. நீங்க கொஞ்சம் அமைதியான புள்ளையா பாத்து அனுப்புங்க. அந்த ஆறாவது வரலேன்னா மத்த அஞ்சுக்கும் நான் மேல பேச முடியாது.”

நியாயமாகத்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. டீயும் நன்றாக இருந்தது.

அமைதியான பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை. இங்கேதான் என் மேதாவித்தனத்தைச் சொல்லவேண்டும். என் அறையில் ஒரு நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் டக்கென்று ஒரு பக்கம் சாயும், அசைந்தால் மறுபக்கம். வருகிற பிள்ளைகளை அதில் உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் பேசுவேன். சிலர் உட்கார்ந்த வேகத்தில், “மேடம், சேர் ஆடுது” என்பார்கள். அவர்களுக்குப் பால் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி, பெரிய ஓட்டல்கள். சிலர் சொல்லமாட்டார்கள், எழுந்து வேறு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் பிழைத்துக்கொள்ளும் ஜாதி. எங்கே போட்டாலும் சரி. கடைசியாக ஒரு வகை உண்டு. ஆடாமல் இருப்பதற்காகக் கால் விரல்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பையும் வைத்துக்கொண்டு, நான் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலி ஆடுவது தங்கள் தப்பு என்பதுபோல.

கல்லூரித் தச்சர் இரண்டு தடவை வந்து கேட்டார். “அந்தக் காலுக்கு ஒரு கட்டை அடிச்சுடட்டுமாம்மா? அஞ்சு நிமிஷ வேலை.”

“வேணாங்க. எனக்குப் பழகிப் போச்சு.”

“நீங்க அதுல ஒக்காரவே மாட்டீங்களே?”

தச்சர்கள் அதிகம் பேசக்கூடாது.

தையல்காரரின் மகள் அப்படி விரல் ஊன்றி உட்கார்ந்தவள். அவள் போய்ச் சேர்ந்த மாதத்தில் நேரில் பார்க்கப் போனேன். போகாமலே போனதாக எழுதுகிறவர்கள் உண்டு; நான் அப்படியில்லை. வெண்ணெய் ரூம் கதவருகே மூக்கர் ஒரு ரப்பர் முகமூடியை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கமும் டப்பா வைத்தது.

“இத மாட்டிக்கோங்க மேடம். ஒரு நிமிஷம் எட்டிப் பாக்கறதுக்கு உங்களுக்கு எதுக்கு ரிஸ்க்?”

மாட்டிக்கொண்டு கதவுக் கண்ணாடியில் பார்த்தேன். பெரிய ஈ மாதிரி இருந்தேன். உள்ளே அந்தப் பெண் ஒரு அண்டாவில் மஞ்சள் பொடியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் பூப்போட்ட கைக்குட்டை கட்டியிருந்தாள்.

“எப்படிம்மா இருக்க?”

“நல்லா இருக்கேன் மேடம். கண்ணுதான் கொஞ்சம் எரியுது.”

“புது எடம். அப்படித்தான் இருக்கும்.”

முகமூடிக்குள்ளிருந்து பேசியதால் நான் சொன்னது அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. ஆனாலும் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் இரண்டு முறை தலைக்குக் குளித்தேன். அப்படியும் தலையணையில் வெண்ணெய் மணத்தது.

ஆறு மாதம் கழித்து அவள் மதிப்பெண் வாங்க வந்தாள். என் அறை இரண்டாவது மாடி. படிக்கட்டில் காலடி வருவதும் நிற்பதும் வருவதும் நிற்பதும் கேட்டது. யாரோ வயசானவர்கள் வருகிறார்கள் என்று நினைத்தேன். கை தாராளமாகவே மதிப்பெண் போட்டேன். அவளுக்கு நன்றி சொல்லி முடிக்க நேரமாயிற்று. நடுவில் இரண்டு முறை மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் பொறுமையாகக் காத்திருந்தேன். பிள்ளைகள் பேசும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பிறகு ஒருநாள் அவள் அப்பா வந்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை.

“டாக்டரு நுரையீரல் சுருங்கிப் போச்சுன்னு சொல்றாரும்மா. இனிமே விரியாதாம். அங்க வேலை பாத்த எடத்துல ஏதாச்சும்...”

“வீட்லதான தையல் மிஷின் வெச்சிருக்கீங்க?”

“ஆமாம்மா.”

“பஞ்சு, நூல் தூசியெல்லாம் பறக்குமே?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். “பறக்கும்மா. அவ பொறந்ததுலேர்ந்து அந்த மிஷின் பக்கத்துலதான் படுப்பா” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேள்விதானே கேட்டேன்? அடுத்த வாரமே மிஷினை வீட்டைவிட்டு அப்புறப்படுத்திவிட்டதாகச் சொல்லியனுப்பினார். பொறுப்பான மனிதர்.

அதற்குப் பிறகும் ஆள் அனுப்பினாயா என்று கேட்பீர்கள். அனுப்பினேன். கணக்கை என் இடத்திலிருந்து பாருங்கள். ஒருத்திக்கு மூச்சு கொஞ்சம் குறைகிறது. ஐந்து குடும்பம் தலை நிமிர்கிறது. அந்த ஐந்து பேரில் ஒருவன் தன் கல்யாணத்துக்கு அழைக்க வந்து என் காலில் விழுந்தான். மற்றவள் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததற்கு மனசு உருகுமளவு பெரிய மனசு எனக்கில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். அப்படியும் வருடத்துக்கு ஒருத்தியைத்தான் அனுப்பினேன். மூக்கர் ஒரு முறை இரண்டு பேர் கேட்டார். கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஏதோ சாதித்த மாதிரி பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

இந்த வருடம் தங்கை மகள் முறை வந்தது. எனக்குக் கல்யாணம் இல்லை. அவளைப் பாதி வளர்த்தவள் நான். அவளுடைய முதல் பல் என் உள்ளங்கையில்தான் விழுந்தது. எல்லோரையும்போல அவளும் என் அறைக்கு வந்தாள். எல்லோரையும்போல உட்கார்ந்தாள். நாற்காலி சாய்ந்தது. அவள் கால் விரல்கள் மெதுவாகத் தரையில் ஊன்றிக்கொண்டன. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“கண்ணு, அந்தச் சேர் ஆடும். எழுந்து இதுல ஒக்காரு” என்றேன்.

இத்தனை வருடத்தில் நானாக வாய் திறந்து அதைச் சொன்னது அப்போதுதான். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவளை ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு எழுதினேன். மனசு லேசாகிவிட்டது. நானும் மனுஷிதான் என்று தோன்றி, கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. துடைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் திங்கட்கிழமை காலை சேரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை என்னைத் துணி மடிக்கக் கூப்பிட்டாள்.

“பிஸ்கட் கம்பெனியாம் பிஸ்கட் கம்பெனி. என் பொண்ணு என்ன உனக்குத் தூள் பொறுக்கவா படிச்சா?” என்றாள், கடைசிப் போர்வையை உதறிக்கொண்டே.

“அவளுக்கு எசென்ஸ் கம்பெனி ஒத்துக்காது.”

“ஏன் ஒத்துக்காது? காரணம் சொல்லு.”

“சின்ன வயசுல சளி புடிக்கும்ல.”

“எந்தக் கொழந்தைக்குத்தான் சளி புடிக்கல? உனக்கு மூக்கே ஒழுகினதில்லையா? இரு, உன்னக் கேட்டுப் பிரயோஜனமில்ல. அந்த மேனேஜர் நம்பர் என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. நானே போன் பண்ணி, இந்த மேடத்தோட தங்கச்சி பொண்ணுன்னு சொல்றேன். ஒரு சீட்டு குடுக்க மாட்டாரா?”

போனை எடுத்தேவிட்டாள். மூக்கர் கொடுப்பார். எந்தச் சீட்டு என்றும் எனக்குத் தெரியும்; அமைதியான பிள்ளையா என்று கேட்பார், ரொம்ப அமைதி என்று இவள் பெருமையாகச் சொல்வாள்.

“வெய்யிடி போன. அங்க ஒரு ரூம் இருக்கு.”

“என்ன ரூமு?”

“வெண்ணெய் ரூமு. வாசனைப் பொடி கலக்கறது. வருஷத்துக்கு ஒரு பொண்ணு அதுக்குள்ள போகணும். போயிட்டு வந்தா மாடி ஏற முடியாது. நுரையீரல் போயிடும். உன் பொண்ணு அமைதியான புள்ளையா, அவளத்தான் உள்ள விடுவாங்க. போதுமா?”

போர்வை எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கியது. தங்கை அதைக் கை நழுவ விட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்கான பதிலும் என்னிடம் தயாராக இருந்தது, அந்த ஐந்து குடும்பக் கணக்கு. அவள் திட்டவில்லை. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“ஐயோ அக்கா. நான் பாவி, உன்னப் போயி பொறாமைன்னு சொல்லிட்டேனே. நல்லவேளை நீ இருந்த. நீ இல்லேன்னா என் கொழந்த என்னாயிருப்பா?”

“விடு. பெத்தாதான் பிள்ளையா?” என்றேன். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்ததற்கு ஓர் உயிரையாவது காப்பாற்றியிருக்கிறேன் என்ற நிறைவு எனக்குள் மெல்லப் பரவியது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த நிமிஷத்தில் என்னைவிட நல்லவள் யாரும் அந்தத் தெருவிலேயே இல்லை என்று நினைத்தேன்.

மூலையில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. தங்கை மகள் சட்டையை அப்படியே விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பியிருந்தாள்.

“எனக்கு அப்புறம் உங்க ரூமுக்குள்ள வந்தது என் ஃப்ரெண்டு. அவள எங்க போட்டீங்க, பெரியம்மா?”