எண்ணெய்க் கை

— கதவ விடு சிதோனி! சாவி என் கையில, பள்ளிக்கூடம் என்னோடது. நீ யாரு குறுக்க நிக்க?

— ஐயோ, கத்தாதீங்க மதாம்! மெதுவா, மெதுவா. பத்தே நிமிஷம். கையெடுத்துக் கும்புடறேன்.

— பத்து நிமிஷத்துல பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரே வந்து நிப்பாரு! போர்ட்-ஓ-பிரின்ஸ்ல எத்தனை பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கு, பதினோரு மாசம் கழிச்சு இப்பத்தான் ஒரு மனுஷன் நம்மள எட்டிப் பாக்க ஒத்துக்கிட்டிருக்காரு. அறை குடித்தனம் இல்லாம காலியா இருக்கணும், பாடம் நடத்த ஆள் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் பரீட்சை மையம் கிடையாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. ஆறாம் வகுப்புல முப்பத்தோரு புள்ளைங்க சிதோனி! போன வருஷமே எழுதல. இந்த வருஷமும் போச்சுன்னா பொண்ணுங்க வீட்டு வேலைக்குப் போகும், பசங்க அந்தத் துப்பாக்கிக்காரனுங்க கூடப் போவாங்க.

— எனக்குத் தெரியாதா? அவனுங்க வீட்டைக் கொளுத்தித்தானே நாங்க ஒன்பது குடும்பம் உங்க பள்ளிக்கூடத்துல வந்து விழுந்தோம்.

— விழுந்தீங்க. போன்ல கேட்டப்போ வேணாம்னு சொன்னேனா? ரோட்டை மறிச்சுட்டானுங்கன்னு நான் ஜக்மேல் ஊர்ல அக்கா வீட்டுல கிடந்தேன், இருங்கன்னுதானே சொன்னேன். அதுக்காக இன்னிக்குமா? உள்ள என்ன வச்சிருக்க, சொல்லு. அடுப்பா? எண்ணெய்ச் சட்டியா?

— சட்டி மாமரத்தடியில இருக்கு, போய்ப் பாருங்க.

— அப்ப பாய், மூட்டை, ஈரத்துணி, கொடிக்கயிறு...

— விடிஞ்சா எல்லாம் முற்றத்துக்கு வந்துரும் மதாம். தினமும். பகல்ல எங்க ஆளுங்க ஒருத்தரும் உள்ள இருக்கறதில்ல.

— எங்க ஆளுங்க இல்லன்னா? இரு, உள்ள யாரோ இருமறாங்க. ஒருத்தர் இல்ல, ரெண்டு மூணு பேரு! சிதோனி, எத்தனை பேரை ஒளிச்சு வச்சிருக்க?

— இருபத்தாறு.

— என்னது!

— முப்பத்தொண்ணுல இருபத்தாறு. மூணு பேரு மாமன் ஊருக்குப் போயிட்டாங்க, ரெண்டு பேருக்கு ஜுரம். மிச்சம் பேரு உள்ள உக்காந்து மாதிரிப் பரீட்சை எழுதறாங்க. அதுக்குத்தான் கத்தாதீங்கன்னு இவ்வளவு நேரம் கெஞ்சறேன்!

— என் புள்ளைங்களா? என் ஆறாம் வகுப்பா? அடிப்பாவி! எப்பலேருந்து?

— நாங்க வந்த மூணாவது வாரத்துலேருந்து.

— போன்ல ஒரு வார்த்தை சொன்னியா?

— சொன்னா நிறுத்துன்னு சொல்லுவீங்க.

— யாரு நடத்தறா? வாத்தியாரு மெஸ்யே ஒக்தாவ்தான் சிலி நாட்டுக்குப் போயிட்டாரே!

— நான்தான்.

— நீயா? வாழைக்காய் வறுத்து விக்கற நீயா?

— பதினேழு வருஷமா எங்க வறுத்தேன்? கேட்டுலேருந்து எத்தனை தடவை என்னைத் துரத்தியிருப்பீங்க! உன் வாயும் உன் ஊறுகாய் நெடியும் பாடத்தைக் கெடுக்குதுன்னு துரத்துவீங்க. நான் சுத்தி வந்து இதே ஜன்னலுக்குக் கீழ சட்டிய வச்சிருவேன். மெஸ்யே ஒரு வரி சொல்லுவாரு, புள்ளைங்க எல்லாம் சேந்து திருப்பிக் கத்தும். போன வருஷம் சொன்னதையேதான் இந்த வருஷமும் சொல்லுவாரு. அதே பாடம், அதே இடத்துல அதே சிரிப்பு. மனப்பாடம் ஆகாம என்ன ஆகும்?

— அளக்காத. அஞ்சுல மூணு பங்கையும் பத்துல மூணு பங்கையும் கூட்டினா என்ன வரும்?

— பத்துல ஒன்பது. முதல்ல அடியில இருக்கறதைச் சமமாக்கணும். கஷ்டமா ஏதாவது கேளுங்க மதாம்.

— கடவுளே! சரி, சுடற சத்தம் கேட்டா என்ன பண்ணுவ?

— தரையில படுத்துருவோம். படுத்துக்கிட்டே வாய்ப்பாடு. பன்னண்டாம் வாய்ப்பாடு முடியறதுக்குள்ள பெரும்பாலும் ஓஞ்சுரும். போன செவ்வாய்க்கிழமைதான் முதல்லேருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு.

— தள்ளு, கதவிடுக்குல ஒரே ஒரு பார்வை. அட... அட! ரோஸ்லின் எவ்வளவு வளந்துட்டா! யூனிஃபார்ம் இல்ல, ஆனா எல்லாப் பொண்ணுங்க தலையிலயும் நம்ம நீல ரிப்பன்!

— யூனிஃபார்ம் போட்டா ரோட்டுல அடையாளம் தெரிஞ்சுரும். ரிப்பனைப் பையில மறைச்சுக் கொண்டாந்து இங்க கட்டிக்குவாங்க.

— போர்டுல யாரு கையெழுத்து? கோழி கிளறின மாதிரி இருக்கு.

— நம்ம லவென்கா பொண்ணு. நான் சொல்லச் சொல்ல அவ எழுதுவா.

— ஏன், நீ எழுதினா என்ன?

— எண்ணெய்க் கை மதாம். சாக்பீஸ் வழுக்குது.

— மோட்டார் சைக்கிள் சத்தம்! அவருதான் வந்துட்டாரு! சிதோனி, அறை காலி. ஆளும் இருக்கு! எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியலயே. உன்னைப் போயா துரத்தினேன்!

— அப்ப நாங்க ஒன்பது குடும்பம்?

— மாலையில பாயை விரிங்க, காலையில சுருட்டுங்க. யாரு வந்து காலி பண்ணச் சொல்றாங்கன்னு நானும் பாக்கறேன். அந்தப் பதிவேட்டை எடு, சீக்கிரம்! ஆறாம் வகுப்பு, தற்காலிக ஆசிரியை... முழுப் பேரு?

— சிதோனி க்ளெர்வே. மதாம், ஒண்ணு சொல்லணும். அந்தப் பரீட்சைத் தாளையெல்லாம் நீங்கதான் திருத்தணும்.

— திருத்தறேன், எல்லாம் திருத்தறேன்! அவரு படியேறிட்டாரு. இந்தாங்க பேனா. உங்க பேருக்கு நேரா ஒரு கையெழுத்துப் போடுங்க, டீச்சர்.

— பேனா வேணாம் மதாம். மை டப்பா இருந்தாக் குடுங்க. எனக்குக் கைநாட்டுதான்.